வெளிக்குப் போதல்

இரவு பதினொன்றரை மணிக்குக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். திறந்தால் பூசை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே ஓடுவாள். கூடம் தாண்டி, அடுப்படி தாண்டி, பின்கட்டு மூலையில் பழைய பிளாஸ்டிக் டப்பில் நான் கொட்டி வைத்திருக்கும் மணலில் ஏறுவாள். முன்காலால் நாலு கீறல். உட்கார்ந்து வேலையை முடித்து, மூடி, மோந்து பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொரு முறை மூடிவிட்டு, வந்த வேகத்தில் மறுபடி வாசலுக்கு ஓடுவாள். நான் எழுந்துபோய்த் திறந்துவிட வேண்டும். வெளியே மண்ணுக்குப் பஞ்சமே இல்லை. மதுரைக்கு வெளியே, வயலை மனையாக்கிப் பத்து வருஷம் ஆகாத குடியிருப்பு எங்களுடையது. பாதி மனை இன்னும் காலி. அவ்வளவு மண்ணையும் விட்டுவிட்டு மூத்திரம் போவதற்கென்று வீட்டுக்கு ஓடி வருகிறாள்.

பூசை என்பது பழைய பெயர். வெருகைப் பூசை என்று சொல்வதுண்டு என்று தொல்காப்பிய மரபியலில் வருகிறது. அதே மரபுப்படி பூனை அஃறிணைதான், எனக்கு அவள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் வாரம் முழுக்க, "பூசை எத்தன மணிக்கு டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே இன்னொன்றும் சொன்னார்: "எல்லா வேலையும் பாப்பேன். பூனப் பீ மட்டும் அள்ள மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." நான் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்கலாம் என்று மனதில் ஓரமாக இருந்ததை அவர் என் முகத்தில் படித்துவிட்டார் என்பதுதான் உண்மை. சாதியை மறுத்து மேடையில் கவிதை வாசிக்கிறவளின் முகம் அது.

முதல் ஆறு மாதம் பூசைக்கு டப் தேவைப்படவில்லை. அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் எம்-சாண்ட் மலைபோல் கொட்டிக் கிடந்தது. வீட்டுப் பூனைகளின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. உதிரி மண்ணைக் கண்டால் அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையும் மாலையும் மதிலேறிக் குதித்துப் போய் வருவாள். கழுவ வேண்டியதில்லை, அள்ள வேண்டியதில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் அங்கே வேலை செய்யும் சித்தாள் அக்கா கேட்டைத் தட்டினார். "ஒங்க பூன மணலெல்லாம் அசிங்கம் பண்ணுதுக்கா. சலிக்கையில கையில வருது." எனக்கு வெட்கமாகிவிட்டது. கொத்தனார் கையில் வராது, மேஸ்திரி கையில் வராது. சல்லடை பிடிக்கிற பெண்ணின் கையில்தான் வரும். மன்னிப்புக் கேட்டேன். அவர் போகாமல் நின்றார். "கொஞ்சம் கால் கழுவிக்கிறட்டுமாக்கா?" என்றார். தாராளமாக என்று வாசல் குழாயைக் காட்டினேன். குழாயைத் திறந்து காலை நனைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் சாப்பிட்டு எழும்போதுதான் உறைத்தது. நான் வகுப்பில் இடக்கரடக்கல் நடத்துகிறவள். நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. தொல்காப்பியர் அவற்றை அவையல் கிளவி என்பார். கால் கழுவி வந்தேன் என்பதுதான் பாடப்புத்தகம் தரும் உதாரணம். பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட உதாரணம் கேட்டில் வந்து நின்றபோது நான் அதற்குக் குழாயைக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் நானே போய், பின்பக்கம் தனிக் கழிப்பறை இருக்கிறது, கேட் திறந்தே இருக்கும் என்று சொன்னேன். முதலில் அவர் மட்டும் வந்தார், பிறகு மூன்று பெண்கள். நாலு மாதம். மூன்று மாடி எழும்பும் இடத்தில் ஆண்கள் மதில் ஓரமாகத் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்களுக்கு ஓர் ஓலை மறைப்புகூட இல்லை. அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "காலைல தண்ணி குடிக்க மாட்டோம்க்கா" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் பெண்கள் வெளிக்குப் போவது கம்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்கு. விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை. நடுவில் வந்தால் அடக்கு. போகிற வழியில் பாலத்துச் சுவரில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் செய்யமாட்டார்கள், பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்காகவே பல நாள் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். அப்பத்தா, "பூன பீய மூடுற மாதிரி எதையும் மூடிக்கத் தெரியணும்டி பொம்பளப்பிள்ளைக்கி" என்பாள். முனைவர் பட்டத்துக்காக ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தபோதும் காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் பேருந்து ஏறினேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை மருத்துவமனைக் கட்டிலில், சிறுநீரகத் தொற்றோடு திருத்தினேன். முன்னுரையில் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருக்கிறேன். இது அதில் இல்லை.

பக்கத்து வீடு முடிந்தது. மணல் போயிற்று, சுற்றிலும் சிமென்ட் கல் பதித்தார்கள். பூசை பின்னாலிருந்த காலி மனைக்கு மாறிக்கொண்டாள். அப்போதுதான் ஒரு கடுவன் பூனை வந்து சேர்ந்தது. தடித்த தலை, கிழிந்த காது. காயடிக்காத கடுவன் உட்கார்ந்து போவதோடு நிற்காது; வாலைத் தூக்கி நின்றபடியே பின்பக்கமாகப் பீய்ச்சும். என் ஸ்கூட்டர், வாசல் தூண், துளசித்தொட்டி, ஒன்று விடவில்லை. இது என் இடம் என்று எழுதிப்போடுகிற வேலை அது. பிறகு மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பூசையைத் துரத்தவில்லை, கடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்.

பூசை வாசற்படி வரை போய்த் திரும்பினாள். இரண்டாம் நாள் என் கட்டிலில் போனாள். திட்டினேன். மூன்றாம் நாள் குளியலறைச் சாக்கடை மூடியின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். சொட்டுச் சொட்டாக வந்ததில் ரத்தம் இருந்தது. கால்நடை மருத்துவர் சின்னப் பெண். வயிற்றைத் தடவிப் பார்த்து, சோதனைக்கு அனுப்பி, கிருமி எதுவும் இல்லை, சிறுநீர்ப்பை அழற்சி, பூனைகளுக்குப் பயத்தாலும் பதற்றத்தாலும் வருவதுதான் என்றார். "நல்லவேளை பொட்டை. கடுவனா இருந்தா பாதை குறுகலு மேடம், முழுசா அடைச்சிக்கும். ரெண்டு மூணு நாள்ல உயிருக்கே ஆபத்து." அப்புறம் கேட்டார்: "வீட்டைச் சுத்திப் புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா?"

பூனையிலிருந்து பெண்ணுக்குக் கோடு இழுப்பதில் எனக்குக் கூச்சம் உண்டு. அது மலிவான கவிதை, நானே எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பாலத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பல வருஷத்துக்கு முன் என்னைப் பார்த்த மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். என்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அப்படித்தான் டப் வந்தது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. இரண்டு பக்கமும் பார்க்கத் தோதான இடம் வேண்டும், யாராவது வந்தால் தப்பி ஓட வழி இருக்க வேண்டும். ஒரு பூனை என்றாலும் இரண்டு டப் நல்லது. தினமும் அள்ள வேண்டும். மருத்துவர் சொன்ன ஒவ்வொன்றையும் எங்கள் கல்லூரிப் பெண்கள் கழிப்பறையோடு ஒப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

அந்தக் கழிப்பறை பழைய கட்டடத்தின் கோடியில் இருக்கிறது. ஆசிரியைகளுக்கு ஒன்று. பூட்டியிருக்கும், சாவி அலுவலகத்தில், ஆண் எழுத்தரின் மேசை இழுப்பறையில். போய் நின்றாலே அவருக்குப் புரியும், இருந்தாலும் "சொல்லுங்க மேடம்" என்பார். மாணவிகளுக்கு இருப்பதில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூசைக்குச் சரியான அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, பெண்கள் மூத்திரம் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். மூத்தவர் ஒருவர், "தமிழ்த்துறை அம்மா கொஞ்சம் நாகரிகமா சொல்லலாமே" என்றார். நாகரிகமாகப் பதினெட்டு வருஷம் சொல்லியாயிற்று ஐயா என்றேன். இப்போது துறையில் ஓர் ஆணியில் மாற்றுச் சாவி தொங்குகிறது. மாணவிகளின் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. மூன்று முறை எழுதிக்கொடுத்தாயிற்று.

டப்பை நான்தான் அள்ளுகிறேன். காலையில் காப்பிக்கு முன்னால். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆனால் வெளிவந்து 1 முதல் 5 நாள் கழித்துத்தான் அது தொற்றும் பக்குவத்துக்கு வரும். தினமும் அள்ளிக் கையைக் கழுவினால் பெரும்பாலும் பயமில்லை. கடையில் விற்கும் களிமண் குருணையும் வாங்கிப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்டுப் போனாள். அதுவரை சாம்பல் போட்டு வீடெல்லாம் பூனையின் காலடி. அவர் களிமண் குருணை கொடுத்தார். நாம் முகத்தில் பூசுகிற முல்தானி மிட்டி வகை. அதை விற்றே பெரும் பணக்காரர் ஆனார். சாம்பல் காலடியைத் துடைத்தவள் பக்கத்து வீட்டுக்காரியாகவே நின்றுவிட்டாள்.

கடுவனை யாரோ பிடித்துப்போய்க் காயடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பீய்ச்சுவதில்லை, மதிலில் தூங்குகிறது. பூசை அதன் அருகிலேயே வெயில் காய்கிறாள், இருட்டிய பிறகு ஊர் சுற்றுகிறாள். ஆனாலும் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறாள்.

இரண்டு மனை தள்ளிப் புதிதாகக் கடைக்கால் தோண்டியிருக்கிறார்கள். பின்பக்கக் கேட்டை நான் பகலில் பூட்டுவதில்லை. போன வாரம் வீட்டு உரிமையாளர் போன் செய்தார். "கண்ட கண்ட ஆளுக உள்ள வந்து போறதா சொல்றாங்களேம்மா?"

"ஆமா சார். ஒண்ணுக்குப் போக வர்றாங்க."

இருமினார். பிறகு கரண்ட் பில் பற்றிப் பேசினார்.