கழுதையும் உப்பும் மட்டுமா?

"புத்தளமா? அங்க என்னடி இருக்கு? கழுதையும் உப்பும்தானே."

பேராதனைக்கு வந்த முதல் கிழமையிலேயே இதைக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் செய்தி பார்க்கிறவர்கள் என்றால் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வார்கள்: நுரைச்சோலை அனல் மின் நிலையம், அருவக்காட்டுக் குப்பை. நானும் சிரித்துக்கொண்டே "ஓம், கழுதை பார்க்க வாங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

மூன்றாம் வருடத்தில் உண்மையாகவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி ஹட்டன், மற்றவள் மட்டக்களப்பு. வெளிநாட்டு ஊர் ஒன்றில் இரண்டு நாள் நல்ல சாப்பாடு, நல்ல வைன், நல்ல பாட்டு என்று யாரோ சுற்றித் திரிந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "உன்ட ஊர்ல இந்த மூண்டும் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். விட்டுக்கொடுக்க மனமில்லை. "வாங்க, காட்டுறன்" என்றேன்.

ஆனால் உள்ளுக்குள் இடறியது வேறு சொல். "உன்ட ஊர்."

என் வாப்பா புத்தளத்துக்காரர். உம்மா யாழ்ப்பாணம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமாக 70,000க்கும் அதிகமானவர்கள் வெளியே வந்தார்கள், அதில் பெரும் பகுதி புத்தளம் மாவட்டத்தில் தங்கியது. உம்மாவுக்கு அப்போது ஆறு வயது. ஓலைக் கொட்டில் முகாம், தண்ணீருக்கு வரிசை, பிறகு ஒரு துண்டுக் காணி, பிறகு கல்யாணம். வாப்பாவின் சொந்தத்தில் சிலர் இன்றைக்கும் கோபம் வந்தால் உம்மாவின் பக்கத்தை "அகதி ஆக்கள்" என்று சொல்வார்கள். உம்மம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் "எங்கட ஊர்" என்றால் அவருக்கு யாழ்ப்பாணம்தான், புத்தளம் எப்போதும் "இஞ்ச". நான் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவள்.

வெள்ளிக்கிழமை குருநாகல் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நாலு கழுதை நின்றது. ஹட்டன்காரி படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

அன்றிரவு வாப்பும்மா வீட்டில் சாப்பாடு. இடியப்பம், களப்பு இறால் கறி, பொரித்த கணவாய், கூடவே மலாய் அச்சாறு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஈச்சம்பழம், அரைத்த கடுகு எல்லாம் போட்டு வினாகிரியில் ஊறவைத்தது.

"வைன் எங்கடி?" மட்டக்களப்புக்காரி காதுக்குள் கேட்டாள்.

"அதத்தான் தின்டுட்டு இருக்கிறாய்" என்றேன்.

பொய் இல்லை. கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது சிலாபம் தாண்டி மாதம்பை, மாரவில பக்கம் தென்னந்தோட்டங்களில் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். கள் இறக்குகிறவர்கள் ஒவ்வொரு மரமாக இறங்கி ஏறுவதில்லை. மேலேயே கயிற்றில் நடந்து அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். பாளையைச் சீவித் தட்டினால் சொட்டும் சாறு முட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சில மணித்தியாலத்தில் அது கள். வடித்து மரப்பீப்பாயில் பழக வைத்தால் சாராயம். சும்மா விட்டால் இன்னும் புளித்து வினாகிரி. கள்ளு எங்கள் வீட்டு வாசலுக்கே வராது. ஆனால் தானாக வினாகிரி ஆகிவிட்டால் அது ஹலால், சமையலறைக்குள் தாராளமாக வரும். இதைக் கேட்டு மட்டக்களப்புக்காரி சிரித்த சிரிப்பில் வாப்பும்மாவே எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை மாமாவின் ஓட்டோவில் உடப்புக்குப் போனோம். புத்தளத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிற தமிழ்க் கிராமம். திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் பேர்போனவை. அதே அளவுக்குக் கரவலையும். வலை இழுக்கும்போது பாடுவதற்கென்றே அம்பாப் பாடல்கள் உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்துக்கொண்டே பதில் பாடுவார்கள். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும், அதற்குத்தான் பாட்டு. கரையில் நின்ற ஒரு பெரியவரிடம் ஒன்று பாடச் சொல்லிக் கேட்டோம். வெட்கப்பட்டார். "வலை இல்லாம எப்படி மகள் பாடுற? கைக்கு வேலை இருந்தாத்தான் வாய்க்கு வரும்" என்றார். உழவு மெஷின் வந்து வலை இழுத்தால் பாட்டு எதற்கு என்றும் சொன்னார். பாட்டுக் கிடைக்கவில்லை, இரண்டு கிலோ சூடை மீனோடு திரும்பினோம்.

பின்னேரம் சிரம்பியடி. ஊர்க்காரி என்று பெருமை பேசுகிற நான் இருபத்திரண்டு வயதுவரை அங்கே போனதில்லை. புத்தளம் நகரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். இலங்கையின் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிற ஊர். போர்த்துக்கேயரும், பின்னர் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைக்கும் வேலைக்கும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள். ஆங்கிலேயர் படையிலிருந்த அவர்களின் முன்னோர் படைப்பிரிவு கலைக்கப்பட்ட பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் உப்பளத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

மாமாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். இரண்டு அம்மாமார், ஒரு இளைஞன், இரண்டு பிள்ளைகள். ஒரு ரபான், ஒரு டோல்கி, சிரட்டைகள், கண்ணாடிப் போத்தலும் கரண்டியும். அவ்வளவுதான் வாத்தியம். மஞ்சா மெதுவாகத் தொடங்கும், தாலாட்டுப் போல. போகப் போக வேகம் ஏறும். கடைசியில் காலை சும்மா வைத்திருக்க ஏலாது. நாம் கல்யாண வீட்டில் ஆடுகிற பைலாவின் வேர்களில் ஒன்று இந்த மக்களின் தாளம். கபிரிஞ்ஞா தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் போட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பொலிஸ்காரராக இருந்த வோலி பஸ்டியன். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'க்கு ஆடாத தமிழர் யார்? அந்த ஆட்டத்துக்கும் இந்த முற்றத்துக்கும் தூரம் அதிகமில்லை.

பாட்டு முடிந்ததும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், "இதுக்கு என்ன அர்த்தம்?"

சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல். அங்கே இப்போது வீட்டுப் பேச்சு சிங்களம்தான். மூத்த அம்மா தோளைக் குலுக்கினார். "கொஞ்சம் தெரியும். முழுக்கத் தெரியாது. எங்க அம்மா இப்படித்தான் பாடினா, நாங்களும் இப்படித்தான் பாடுறோம்." பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடியது. அதற்கும் அர்த்தம் தெரியாது.

திரும்பி வரும்போது மூன்று பேரும் பேசவில்லை. எனக்கு உம்மம்மாதான் ஞாபகம் வந்தார். சிரம்பியடி அம்மாவிடம் உங்கள் ஊர் எது என்று கேட்டால் சிரம்பியடி என்றுதான் சொல்லியிருப்பார். அதற்காக அவர் பாட்டை விட்டுவிடவில்லை. அது வேண்டுமென்றால் இதை விடவேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது?

ஞாயிற்றுக்கிழமை உம்மம்மா கூழ் காய்ச்சினார். ஒடியல் மா யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கவேண்டும், கடை மா ஆகாது. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். கூழ் நாளில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுத்தான்: "எங்கட ஊர்க் கூழ் மாதிரி வராது."

மட்டக்களப்புக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "உம்மம்மா, உண்மையச் சொல்லுங்க. யாழ்ப்பாணத்து இறாலா நல்லம், புத்தளத்து இறாலா?"

உம்மம்மா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "இறால் இஞ்சத்தையான்தான் ருசி. களப்புத் தண்ணியில உப்புக் கூட. மா மட்டும் அங்கத்தையான் வேணும்."

உம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை கேட்காத வசனம் அது. ஒரு இறாலைப் பற்றித்தான், தெரியும். ஆனாலும் நான் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

1344இல் இப்னு பதூதா இந்தக் கரைக்கு வந்ததும் திட்டம் போட்டு இல்லை. காற்று திசைமாற்றிக் கொண்டுவந்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக் கொடுத்து, சிவனொளிபாத மலைக்குப் போக ஆளும் கொடுத்து அனுப்பினாராம். இந்த ஊருக்குக் காற்றும் கப்பலும் யுத்தமும் தள்ளிக் கொண்டுவந்த ஆட்கள் நிறைய. நானும் அதில் பாதி.

இப்போது யாராவது கழுதை பற்றிக் கேட்டால் சிரிக்கிறேன்தான், ஆனால் பேச்சை அங்கேயே விடுவதில்லை. வருவதென்றால் சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு முன்பே சொல்லவேண்டும், ஒடியல் மா வந்து சேர வேண்டுமே.