குட்டி யானைக்கு ஆயில் மாத்தறது எப்படி? (தரையில ஒரு சொட்டு சிந்தாம)

ஒகேனக்கல் போனவங்களுக்குத் தெரியும். அருவியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நாலு பேர் எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து நிப்பாங்க, "மசாஜ் பண்ணிக்கிறீங்களா சார்?"னு. அந்த அருவிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் முன்னாடி, மலைப்பாதை இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால இருக்கிற ஊர் பென்னாகரம். அங்க மனுஷங்களை விட வண்டிகளுக்குத்தான் எண்ணெய் செலவு அதிகம். இங்கே பேச்சு அந்த எண்ணெயைப் பத்தித்தான்.

பென்னாகரத்துல குட்டி யானை வச்சிருக்கற ஒருத்தரை எடுத்துக்குங்க. குட்டி யானைன்னா டாடா ஏஸ். 2005ல வந்தது. ரெண்டே சிலிண்டர் டீசல் எஞ்சினோட வந்த அந்தச் சின்ன லாரி, அதுவரைக்கும் டிராக்டரையும் பஸ் கூரையையும் நம்பிக்கிட்டிருந்த மூட்டைகளை எல்லாம் தன் முதுகுல வாங்கிக்கிச்சு. அப்புறம் 2011ல ஓசூர்லேர்ந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துது. (2004 வரைக்கும் ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். அந்த வகையில தோஸ்த் சொந்தக்கார வண்டி.) 2022ல மின்சார ஏஸ் கூட வந்தாச்சு. அதுக்கு எஞ்சின் ஆயிலே கிடையாது, அதை வச்சிருக்கறவங்க இதோட நிறுத்திக்கலாம் :-)

அந்த வண்டிக்காரர்தான் ஓனர், அவர்தான் டிரைவர், பல நாள் லோடு ஏத்தி இறக்கறதும் அவரே. தக்காளி, புளி, மாங்கா சீசன்ல மாங்கா. அவர் ஏன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போகாம தானே ஆயில் மாத்தறார்? கூலி மிச்சம்கறது ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் இல்லை. ஷெட்டுல முன்னாடி நாலு வண்டி நின்னா அன்னிக்கு ஓட்டமே போச்சு. காமர்ஸ் வகுப்புல இதுக்கு 'ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்'னு பேர் வச்சு அரை மணி நேரம் பாடம் நடத்துவாங்க. அவர் "ஒரு நாள் வாடகை போச்சு"ன்னு நாலே வார்த்தையில முடிச்சிடுவார்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? வண்டியோட கொடுத்த புத்தகத்துல போட்டிருக்கும். ஆனா அதுல இருக்கற பெரிய எண்ணு சாதாரண ஓட்டத்துக்கானது. தூசி, மலைப்பாதை, அளவுக்கு மீறின லோடு, அஞ்சு கிலோமீட்டர் போய் நிறுத்தி மறுபடி அஞ்சு கிலோமீட்டர்... இதெல்லாம் சாதாரண ஓட்டம் இல்லை. ஒகேனக்கல் ஏத்தத்துல லோடோட ரெண்டாவது கியர்ல ஏறிட்டு வர்ற வண்டிக்கு முன்னாடியே மாத்தறதுதான் நியாயம்.

சரி, வேலைக்கு வரலாம். மேடு பள்ளம் இல்லாத இடமாப் பார்த்து நிறுத்தணும். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல். உள்ளே நுழைய உயரம் பத்தலைன்னா கெட்டியான மரப்பலகை மேல ஏத்தலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், சொல்லாம கொள்ளாம உடையும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது. ஜாக்கி வண்டியைத் தூக்கறதுக்குத்தான், தாங்கிப் பிடிக்கறதுக்கு இல்லை.

எஞ்சினை ஒரு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தணும். வெதுவெதுப்பா இருந்தாத்தான் அடியில படிஞ்ச அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஆனா லோடு இறக்கிட்டு வந்த சூட்டோடயே கையை விட்டா, கை வெந்துடும். பத்து நிமிஷம் பொறுக்கலாம்.

அடுத்து, எதுல பிடிக்கறது? அசிங்கம் ஆரம்பிக்கற இடமே இதுதான். பெரும்பாலும் வீட்டுல கிடக்கற சாந்துச் சட்டியைத்தான் எடுத்து வைப்பாங்க. ஆயில் ஒழுங்கா அதுல விழுந்துடும், பிரச்சினை அப்புறம்தான். ததும்பத் ததும்ப இருக்கற சட்டியை வண்டிக்கு அடியிலேர்ந்து இழுக்கணும், தூக்கணும், ஒரு கேன்ல ஊத்தணும். வாசல்ல பாதி கொட்டறது அப்பதான். இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. பழைய 20 லிட்டர் ஆயில் கேனைப் படுக்க வச்சு, மேல் பக்கமா வர்ற அகலமான முகத்தை மட்டும், சுத்தி நாலு விரல் ஓரம் விட்டு அறுத்து எடுத்துடணும். வாயும் மூடியும் அப்படியே இருக்கட்டும். இப்ப அதுவே தொட்டி, அதுவே புனல். ஆயில் வடிஞ்சதும் மூடியைக் கழட்டி வாய்ப் பக்கமா மெதுவாச் சாய்ச்சா, அடுத்த கேனுக்குள்ள தாரையா இறங்கும்.

தொட்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போடணும். பக்கத்துல கொஞ்சம் மரத்தூள் இல்லாட்டி காஞ்ச மணல். இதெல்லாம் நட்டைத் தொடறதுக்கு முன்னாடி. ஆயில் வழிய ஆரம்பிச்ச பிறகு துணி தேடறவங்கதான் அதிகம்.

மேல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து வச்சிடணும். காத்து உள்ளே போனாத்தான் கீழே ஆயில் குபுக் குபுக்னு துப்பாம சீரா வரும். டிரெயின் நட்டுக்கு ரிங் ஸ்பானர்தான் சரி. சாதா ஸ்பானர் வழுக்கி நட்டோட முனையெல்லாம் மழுங்கிட்டா அப்புறம் ஷெட்டுக்குத்தான் போகணும், எந்த வாடகையை மிச்சம் பிடிக்க நினைச்சாரோ அதுவும் போச்சு.

நட்டு லூசானதும் கையால சுத்தணும். சுத்தும்போது வெளியே இழுக்காம, உள்பக்கமா அழுத்திக்கிட்டே சுத்தணும். அழுத்தம் இருக்கற வரைக்கும் ஆயில் கசியாது. மரை முழுசா விட்டுப் போச்சுன்னு விரலுக்குத் தெரிஞ்சதும், சட்டுனு பக்கவாட்டுல இழுத்துடணும். இது ஒண்ணு பழகிட்டா பாதி அசிங்கம் இல்லை. பழகலைன்னா, நட்டு தொட்டிக்குள்ள விழும், ஆயில் முழங்கை வழியா அக்குள் வரைக்கும் வரும்.

இன்னொண்ணு. ஆயில் நேரா கீழே விழாது. முதல்ல பக்கவாட்டுல பீச்சி அடிக்கும், அளவு குறையக் குறையப் பின்வாங்கி, கடைசியில நட்டு ஓட்டைக்கு நேர் கீழே சொட்டும். அதனால தொட்டியை முதல்ல கொஞ்சம் தள்ளி வச்சு, பிறகு நகர்த்திக்கிட்டே வரணும். காத்தடிக்கற நாள்ல சொட்டு நூல் மாதிரி பறக்கும். ஆடி மாசத்துல வண்டியைச் சுவரோரம் நிறுத்திட்டு இந்த வேலையைப் பண்றது நல்லது.

ஃபில்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பையைத் தொப்பி மாதிரி மாட்டிடணும். ஃபில்டருக்குள்ள நிக்கற ஆயிலும் பைக்குள்ளயே விழுந்துடும். பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருக்கானு பார்க்கணும். அதைப் பார்க்காம புதுசை மாட்டினா ரெண்டு வளையம் சேர்ந்து, ஓட்டத்துல பிதுங்கி மொத்த ஆயிலும் ரோட்டுல போயிடும். எஞ்சினும் கூடவே போயிடும். புது வளையத்துல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலயே இறுக்கினா போதும். டிரெயின் நட்டுக்குப் புது வாஷர்.

புது ஆயில் ஊத்தறது சுலபம். புத்தகத்துல போட்டிருக்கற தரம், போட்டிருக்கற அளவு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள்ல புகையை வடிகட்டற ஃபில்டர் இருக்கும், அதுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போடணும். கடைக்காரர் "எல்லாம் 15டபிள்யூ40 தான் சார்"னு எதையோ கொடுத்தா வாங்கிடக் கூடாது. மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஊத்தாம, கொஞ்சம் குறைச்சு ஊத்தி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, சமதரையில டிப் ஸ்டிக் பார்த்து மீதியை ஊத்தணும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து "கருப்பாயிடுச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு சண்டைக்குப் போறவங்க உண்டு. டீசல் எஞ்சின்ல அப்படித்தான் ஆகும். கரியைத் தேங்க விடாம தன்னோட இழுத்துக்கறதுதான் அந்த ஆயிலோட வேலை.

இப்ப பழைய ஆயில். சாதாரணமா அது எங்கே போகும்? வேலி ஓரம் ஊத்துவாங்க. கரையான் வராம இருக்க மரத்தூண்ல அடிப்பாங்க. சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவாங்க. மாட்டுக்குச் சொறி வந்தா அதுக்கும் தடவுவாங்க. கட்டை வண்டிக் காலத்துல அச்சுக்குப் போட்ட மை, விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் சேர்ந்தது, மண்ணுல விழுந்தா மக்கிடும். அந்தப் பழக்கம்தான் இன்னும் தொடருது போல. ஆனா இது வேற. எஞ்சின்ல வெந்த ஆயில்ல உலோகத் துகளும், புற்றுநோய் வரவைக்கற சேர்மங்களும் இருக்கு. ஒரு தடவை மாத்தற ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது.

தண்ணியைப் பத்தி தர்மபுரிக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாறையிலேர்ந்து இயற்கையாவே ஃபுளோரைடு கரையற நிலத்தடி நீர் அது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின தண்ணியைக் குடிச்சுப் பல் பழுப்பாகி, எலும்பு வளைஞ்ச ஊர்கள் இங்கே உண்டு. அதுக்காகத்தான் 2008ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனோட 1,928 கோடி ரூபாய்ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013ல முடிஞ்சுது. ஃபுளோரைடுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆயிலுக்குச் சொல்ல முடியும். வேலி ஓரம் ஊத்தினவரோட கணக்கு நோட்டுல அந்தச் செலவு ஒரு பைசா கூட ஏறாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துக்காரரோட கணக்குலதான் ஏறும். மழை பெஞ்சா ஓடையில இறங்கிக் காவிரிக்குப் போய், மேட்டூர் அணை வரைக்கும் கணக்கு நீளும்.

சட்டப்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, 2016 விதிகள்ல அப்படித்தான் இருக்கு. 2024 ஏப்ரல் 1லேர்ந்து அதைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சி பண்ற பொறுப்பு ஆயில் தயாரிக்கறவங்க மேலயும் வந்திருக்கு. அவங்க பென்னாகரம் வீட்டு வாசல் வரைக்கும் வருவாங்கன்னு காத்திருக்க முடியாது. ஆனா எந்தப் பெரிய ஷெட்டுலயும் பழைய ஆயிலுக்குன்னு ஒரு டிரம் இருக்கும், அதுக்கு விலையும் இருக்கு, வாங்கிட்டுப் போக ஆளும் உண்டு. பழைய ஆயிலை மூடி இறுக்கின கேன்ல ஊத்தி, டீசலோ தண்ணியோ கலக்காம, ஃபில்டரையும் கவிழ்த்து வடிச்சுச் சேர்த்து, அந்த டிரம்முல கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. காலி கேனை அப்படியே தூக்கிப் போடாம ஆணியால நாலு ஓட்டை போட்டுடணும். இல்லாட்டி அதே கேன்ல கலப்பட ஆயில் நிரம்பித் திரும்ப கடைக்கு வரும்.

கையை மண்ணெண்ணெயில கழுவ வேண்டாம். முதல்ல தேங்காயெண்ணெய் தேய்ச்சுத் துணியால துடைச்சிட்டு, அப்புறம் சோப்புத்தூள். நகக்கண்ணுல இருக்கறது மட்டும் ரெண்டு நாள் இருக்கும்.

ராத்திரி வண்டிக்கு அடியில சுத்தமான அட்டை ஒண்ணைப் போட்டுட்டுப் படுக்கணும். காலையில அட்டை காஞ்சிருந்தா, பழைய ஆயில் கேனைப் பின்னாடி கயிறு போட்டுக் கட்டிட்டு தர்மபுரி ரோட்டுல கிளம்பிடலாம்.