ஆயிரம் சதுர அடி ஆர்டர்

ஆத்தங்குடிக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுபவை பெயர்ப்பலகைகள்தாம். ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சாமியின் பெயரோ தாத்தாவின் பெயரோ இருக்கும். கீழே இரண்டு செல்போன் எண்கள். சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் ஒரே பொருளைச் செய்பவர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் பட்டறை வைத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் அதே மணல், அதே சிமென்ட், ஏறக்குறைய அதே பூ. அப்படியிருக்க ஒரு பட்டறையில் ஆர்டர் குவிகிறது, இன்னொன்று ஈ ஓட்டுகிறது. அது எதனால் என்று பார்க்கத்தான் நான் அங்கே போனேன்.

அதிக நேரம் இருந்த பட்டறை ஒரு தகரக் கொட்டகை. காலையிலேயே மணல் சலிக்கும் சத்தம் தொடங்கிவிடுகிறது. வரிசையாக மேடைகள், மேடைக்கு ஓர் ஆள். அவர் முன்னால் துடைத்து வைத்த ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் தகட்டால் செய்த பூ அச்சு. பக்கத்துக் கிண்ணங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று சிமென்டில் நிறப்பொடி கலந்த கூழ். சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறத்தை ஊற்றுகிறார். ஒன்று அடுத்த அறைக்குத் தெறிக்கக் கூடாது. பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை கொஞ்சம் சாய்ந்தாலும் இதழ் கலங்கிவிடும். உடனே சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார். கூழில் மிஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஈரக் கலவை. கரணையால் அழுத்தி, சட்டத்தின் விளிம்போடு வழித்துவிட்டால் ஒரு கல் முடிந்தது. மேலே தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும்தான். பூ கண்ணாடியைப் பார்த்தபடி கீழே கிடக்கிறது. தரையில் பதித்த பிறகு நாம் பார்க்கும் வழுவழுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

சில கற்களுக்கு அச்சே கிடையாது. பழகிய கைக்காரர் கரண்டியைச் சுழற்றியே கொடியும் சுருளும் போடுகிறார். அப்படிப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுக்குப் பட்டறையில் தனி மரியாதை. முதலாளியே ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்.

இதில் சூளை இல்லை, அழுத்தும் எந்திரம் இல்லை. மின்சாரம் போனாலும் வேலை நிற்பதில்லை. விறகுச் செலவோ டீசல் செலவோ இல்லாத தொழில் என்று கேட்கும்போது லாபகரமாகத் தோன்றும். அதன் மறுபக்கத்தையும் இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். முதல் அதிகம் வேண்டாத தொழிலில் போட்டி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நேற்றுவரை மேடையில் நின்று கல் போட்டவர், கொஞ்சம் கண்ணாடியும் நாலு அச்சும் வாங்கிக்கொண்டு நாளை எதிர்ச்சாரியில் போர்டு மாட்டிவிடலாம். பலரும் அப்படித் தொழில் தொடங்கியவர்கள்தாம். அதனால் கல் போடும் வித்தையை மட்டும் நம்பி யாரும் இங்கே முன்னுக்கு வந்துவிட முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

வித்தியாசம் ஆரம்பிப்பது கணக்கில். 1000 சதுர அடி வீடு ஒன்றுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு அங்குலச் சதுரக் கல் என்றால் 2250 கற்கள் வேண்டும். ஒவ்வொரு கல்லும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். மொத்தம் மூன்றேகால் டன்னுக்குக் குறையாது. பட்டறை நாளைக்கு 200 கல் போடுவதாகக் கொண்டாலும் இந்த ஒரு வீட்டுக்கே பதினோரு நாளுக்கு மேல் ஆகும். கல் இறுகும்வரை கண்ணாடி அதோடு ஒட்டியே இருக்கிறது. ஒரு கண்ணாடி நாலு நாள் சிக்கிக் கிடந்தால், அந்த நாளைக்கு 200 என்ற வேகத்தைக் காப்பதற்கே 800 கண்ணாடிகள் சுற்றில் இருக்க வேண்டும். பிறகு கற்கள் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊற வேண்டும். சிமென்டுக்கு வலு அங்கேதான் ஏறுகிறது. தொட்டியில் இடமில்லை என்றால் மேடையில் ஆள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

தொழிலைப் பெருக்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. ஆர்டர் கூடியதும் ஆளைக் கூட்டுகிறார்கள். ஆள் கூடியதும் கண்ணாடி பற்றவில்லை. கண்ணாடி வாங்கியதும் தொட்டி நிறைந்துவிடுகிறது. அவசரத்தில் ஊற வேண்டிய கல்லைச் சீக்கிரம் தூக்கி லாரியில் ஏற்றினால், மூலை உடைந்த கல்லைப் பற்றிய போன் பத்து நாளில் வந்துவிடும். கைக்கு எட்டாத ஆர்டரை ஒப்புக்கொள்வதைவிட வேண்டாம் என்று சொல்வது லாபம் என்பதைப் பழைய பட்டறைகள் இப்படிப் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கின்றன.

வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்குத் தளக் கல்லின் நினைப்பு கடைசியில்தான் வரும். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, கையிருப்பு கரைந்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்த பிறகு ஆத்தங்குடிக்குப் போன் போடுவார்கள். இன்ன தேதிக்குள் வேண்டும் என்பார்கள். அதனால் இங்கே அனுபவப்பட்டவர்கள் விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “ரூஃப் போட்டாச்சா சார்?” கான்கிரீட் போடும் கட்டத்திலேயே ஆர்டர் வந்துவிட்டால் அவகாசம் இருக்கும். அட்வான்ஸ் வாங்கி, டிசைனை உறுதி செய்து, வரிசையில் சேர்த்துவிடலாம். முன்பணம் இல்லாமல் சரக்கு அடுக்கி வைக்கும் வழக்கம் இங்கே குறைவு. எந்தப் பூவை, எந்த நிறத்தில், எந்த பார்டரோடு கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கூழைக் கையால் கலக்கிறார்கள். இந்த வாரத்துச் சிவப்பும் அடுத்த மாதத்துச் சிவப்பும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. தளம் போட்டு முடிக்கும் நேரத்தில் ‘முப்பது கல் குறையுது, அனுப்புங்க’ என்று கேட்டால், அனுப்பும் முப்பதும் தனியாகத் தெரியும். அதனால் உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐந்தாறு கல்லை முதலிலேயே கூட வாங்கச் சொல்கிறார்கள். தலையில் கட்டுகிறார்களோ என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். அவரை உட்கார வைத்து விளக்குவதும் வியாபாரத்தில் சேர்ந்ததுதான்.

இந்த ஊர் இந்தப் பாடங்களைப் படிக்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. சிமென்ட் பூக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்சில் உருவான தொழில்நுட்பம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த, இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்தின் நகரத்தார்கள் இத்தாலியப் பளிங்கையும் பர்மாத் தேக்கையும் ஐரோப்பிய, ஜப்பானிய ஓடுகளையும் கப்பலில் வரவழைத்து வீடு கட்டினார்கள். அந்த மோகத்தில் வந்த பூக்கல்லை உள்ளூர்க் கைகள் உள்ளூர் மணலில் செய்யப் பழகின. சிமென்டே அன்று சீமைச் சரக்கு. 1904இல் சென்னையில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி நடந்து, நிலைக்காமல் போயிற்று. திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை வந்தது 1939இல். மூலப்பொருள் கிட்டத்தில் கிடைக்கத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் காணாமல் போனார். 1930களின் பொருளாதார மந்தம் முதலில் அடித்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் நகரத்தார்களின் பெரும் முதல் அங்கேயே முடங்கியது. செட்டிநாட்டில் அரண்மனை வீடுகள் எழும்புவது நின்றது. ஒரே சமூகத்தை, ஒரே வகை வீட்டை நம்பியிருந்த தொழிலுக்கு வேறு வாசல் இல்லை. பின்னால் மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தது. பூக்கல் பழைய காலத்துச் சரக்கு ஆகிவிட்டது.

மீட்சி வந்தது வெளியூர்க் கண்களால். பூட்டிக் கிடந்த வீடுகள் சில தங்கும் விடுதிகளாயின; கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்த சாரதா விலாஸ் போன்றவை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. விடுதியில் இரண்டு நாள் தங்கியவர் ஊருக்குப் போகும்போது தரையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். காலுக்குக் குளிர்ச்சியாக இருந்த தரையைத் தன் வீட்டிலும் போட ஆசைப்படுகிறார். பட்டறைக்காரர்கள் காசு செலவழிக்காமல் கிடைத்த ஷோரூம் இது. இன்று சென்னை, பெங்களூரு, கொச்சி என்று லாரி போகிறது.

லாரி மாநில எல்லையைத் தாண்டும்போது இன்னொரு கணக்கு வந்து நிற்கிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் உற்பத்தியாளர் ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும், கணக்கு வேலையும் குறைவு. ஆனால் அதில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. வாங்கிய சிமென்டுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சிமென்ட் மீதான வரி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. உள்ளூரோடு நின்றுகொள்வதா, முழு ஜிஎஸ்டிக்கு மாறி பெங்களூரு வாடிக்கையாளரைப் பிடிப்பதா? சின்னத் தொழில் வளரும் பாதையில் இப்படி ஒரு படி வரும். அரைப்படியில் நிற்க முடியாது. மாறுகிறவர் ஆடிட்டருக்கும் பில் போடத் தெரிந்த ஒரு ஆளுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு வெளிமாநில ஆர்டர் தொடர்ந்து வருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கடன் விஷயமும் அப்படித்தான். சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அந்த பில்டர் அடுத்த ஆர்டரை எதிர்ச்சாரிக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் யாருக்கும் இருக்கும். அதனால் லோடு ஏறும் முன் மீதிப் பணம் என்பதைப் பலர் விதியாக வைத்திருக்கிறார்கள். பதித்துவிட்ட கல்லைத் திரும்பப் பெயர்த்து எடுத்துவர முடியாதே.

போட்டி இப்போது குஜராத்திலிருந்தும் வருகிறது. மோர்பியின் செராமிக் ஆலைகளில் இதே பூக்களை டிஜிட்டலாக அச்சிட்டு, ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விற்கிறார்கள். விலை குறைவு, இன்று கேட்டால் நாளை கிடைக்கும், கறையும் படியாது. இதோடு விலையில் மல்லுக்கு நிற்பவர்கள் சிமென்டைக் குறைக்க வேண்டியிருக்கும், ஊறும் நாளைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்த வழியில் போகாதவர்கள் ஆலையால் முடியாததை விற்கிறார்கள். பாட்டி வீட்டில் இருந்த பழைய கல்லின் படத்தை ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதற்கு அச்சுத் தகடு வளைத்து, ஒரு மாதிரிக் கல் போட்டுக் காட்டுகிறார்கள். முந்நூறு சதுர அடிக்கு மட்டும் தனி டிசைன் போடச் சொன்னால் ஆலை திரும்பிக்கூடப் பார்க்காது.

எந்திரத்தோடு வளர்ந்தவர்களும் இல்லாமல் இல்லை. மும்பையின் பாரத் ஃப்ளோரிங்ஸ் 1922இல் சுதேசி உணர்வில் தொடங்கிய சிமென்ட் டைல் நிறுவனம், இன்றும் நடக்கிறது. ஆத்தங்குடிக் கல்லை எந்திரத்தில் அழுத்தினால் எண்ணிக்கை கூடும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. எந்திரத்துக்கு வாங்கும் கடனுக்கு மாதா மாதம் தவணை உண்டு. வீடு கட்டும் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஆர்டருக்காக அந்தத் தவணை காத்திருக்காது. மழைக்காலத்தில் கல் காய்வதே பாடு.

கற்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெரிய ஆபத்து. விட்ரிஃபைட் பதித்துப் பழகிய கொத்தனார் இந்தக் கல்லையும் அப்படியே பதிப்பார். நடுவில் இடைவெளி விடுவார், மேலே சிந்திய சிமென்டைக் காயவிடுவார், கடைசியில் ஆசிட் ஊற்றிக் கழுவுவார். ஆசிட் பட்டால் பூக்கல்லின் முகம் அரித்துப்போகும். வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டார், கல்லைத்தான் சொல்வார். பட்டறையின் பெயர் பாதி இன்னொருவர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஆர்டர் குவியும் பட்டறைகள் தங்களுக்கென்று பதிக்கும் ஆட்களை வைத்திருக்கின்றன. ரசமட்டமும் மணியாசுக் கட்டையுமாக அவர்கள் லாரிக்குப் பின்னாலேயே போய், பதித்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் காட்டிவிட்டு வருகிறார்கள். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும் என்பதையும் வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஈ ஓட்டும் பட்டறைக்கும் ஓடும் பட்டறைக்கும் நான் பார்த்த முக்கியமான வித்தியாசம் இது. ஒன்று கல்லை லாரியில் ஏற்றியதும் கணக்கை முடிக்கிறது; மற்றொன்று தளத்தை ஒப்படைத்த பிறகு முடிக்கிறது.

ஆள்தான் இப்போது கவலை. கல் போடுகிறவர்களுக்குக் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. நாள் முழுக்க நின்றபடி வேலை, ஈர சிமென்ட் விரல் தோலைத் தின்றுவிடும். இந்தப் பகுதி இளைஞர்களுக்குச் சிங்கப்பூர் இருக்கிறது, திருப்பூர் இருக்கிறது. கைச்சுருள் போடத் தெரிந்த அண்ணன்களிடம் உட்கார்ந்து பழக ஒரு பையனுக்குப் பல மாதம் ஆகும். பழகும் காலத்தில் எண்ணிக்கைக் கூலி கொடுத்தால் அவன் பட்டினிதான் கிடப்பான். பழகும் பையன்களுக்கு நாள் கூலி கொடுத்து, கெட்டுப்போகும் கல்லைத் தன் செலவில் ஏற்கும் முதலாளியிடம்தான் புதிய கைகள் நிற்கின்றன.

நான் கிளம்பும்போது முதலாளி போனில் இருந்தார். மறுமுனையில் கேரளத்துக்காரர், தை மாதத்துக்குள் வேண்டுமாம். “தை முடியாது சார். மாசி பாதிக்கு மேலே லோடு ஏத்துறேன். பதிக்க எங்க ஆளுங்க மூணு பேர் வருவாங்க, தங்க இடம் மட்டும் பாத்துக் குடுங்க.” கொஞ்ச நேரம் மறுமுனை பேசியது. பிறகு இவர் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கொட்டகையைப் பெரிதாக்குவீர்களா என்று கேட்டதற்கு, கொட்டகை இருக்கட்டும், இன்னொரு தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறேன் என்றார். அதற்கான செங்கல் பின்பக்கம் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது.