வீட்டிலே ஒரு குமிழித் தேநீர்



பரீட்சை நெருங்கும் காலத்தில் ஒரு பானத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் நான் சொல்லப் போகும் பானத்தில் உங்கள் விஞ்ஞானப் பாடமும் வரலாற்றுப் பாடமும் மனைப்பொருளியற் பாடமும் ஒரே கோப்பையில் கலந்துள்ளன. நகரங்களில் ‘பபிள் டீ’ என்ற பெயரில் விற்கப்படும் குமிழித் தேநீரே அந்தப் பானம். குளிர்ந்த தேநீர், அதில் பழச்சாறு அல்லது பால், அடியிலே கறுத்துப் பளபளக்கும் சிறு உருண்டைகள். உறிஞ்சும்போது அந்த உருண்டைகள் வாய்க்குள் வரும். அவற்றை மென்று தின்ன வேண்டும். குடிப்பதும் உண்பதும் ஒன்றாகவே நடைபெறும்.

தரம் பத்தில் படிக்கும் என் மகள் இதனைக் கொழும்பிலே ஒரு கடையில் கண்டுவிட்டு, வாங்கித் தருமாறு கேட்டாள். அந்த ஒரு கோப்பையின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத் தேவையான தேயிலையை வாங்கிவிடலாம். பணத்தை விட வேறொன்று என் மனதை உறுத்தியது. என் தாயார் மலையகத் தோட்டமொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். வீட்டிலே நாங்கள் குடித்தது தூள் தேயிலையில் ஊற்றிய வெறுந்தேநீர். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அல்லது ஒரு துண்டுக் கருப்பட்டி, கடித்துக்கொண்டே குடிப்போம். தேயிலைக்கு நடுவே பிறந்த பாட்டியின் பேத்தி, தேநீர் என்பது கண்ணாடிக் கடையில் மட்டும் கிடைக்கும் அரிய பொருள் என்று எண்ணி வளர்வதை நான் விரும்பவில்லை. “வாங்க வேண்டாம், செய்வோம்” என்றேன்.

இந்தப் பானம் பிறந்த இடம் தாய்வான். அங்கு தைச்சுங் நகரில் 1983இல் தொடங்கப்பட்ட ஒரு தேநீர்க் கடை, தேநீரைப் பனிக்கட்டியுடன் குலுக்கிக் குளிராக விற்றது. சூடாகக் குடிப்பதே வழக்கமாக இருந்த நாட்டில் அது ஒரு புதுமை. குலுக்கும்போது மேலே நுரை பொங்கும். குமிழி என்ற பெயர் முதலில் அந்த நுரையைக் குறித்தே வந்தது. அடியில் கிடக்கும் உருண்டைகளை அல்ல. 1980களின் பிற்பகுதியில் அக்கடையில் பணிபுரிந்த லின் ஷியு-ஹுய் என்னும் பெண், தாய்வான் மக்கள் நெடுங்காலமாகத் தின்று வந்த இனிப்பு மா உருண்டைகளைத் தம் தேநீருக்குள் போட்டுப் பார்த்தார் என்பது அக்கடையினர் கூறும் வரலாறு. தைனான் நகரிலுள்ள இன்னொரு கடையினரோ 1986இலேயே தாம் இதனைச் செய்துவிட்டதாகக் கூறுகின்றனர். இரு சாராரும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் வழக்காடினர். இப்பானத்தை எவரும் செய்யலாம், ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்க வேண்டிய தேவையில்லை என்று 2019இல் முடிவாயிற்று. ஆகவே நீங்களும் நானும் தாராளமாகச் செய்யலாம்.

இதிலே பயன்படும் இரு பொருள்களும் நமக்குப் புதியவை அல்ல. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதோடு இந்நாட்டின் தேயிலைத் தொழில் ஆரம்பமாயிற்று. உருண்டைகள் செய்யும் மா, மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. கடல் கடந்து வந்து, இன்று நமது தோட்டத்து வேலியோரத்திலும் வளர்கின்றது. இனிப்பான நீர்மத்தில் மா உருண்டைகளை இட்டு உண்பதும் நாம் அறியாத ஒன்றல்ல. யாழ்ப்பாணத்து ஆடிக்கூழை நினைத்துப் பாருங்கள். அரிசிமா உருண்டைகளும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கூழும் குமிழித் தேநீரும் தூரத்து உறவினர் என்றே சொல்லலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில் மா. கடையில் மரவள்ளி மா கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே எடுக்கலாம். அன்று பிடுங்கிய, கசப்பில்லாத ஒரு கிலோ கிழங்கைத் தடித்த தோல் முழுவதும் போகச் சீவி, தேங்காய் துருவுவது போலத் துருவுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய துணியில் வடித்துப் பிழியுங்கள். பால் போன்ற அந்த நீரை இரண்டு மணித்தியாலம் அசைக்காமல் வைத்தால் வெள்ளை மா அடியில் படியும். மேல்நீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடியும் படிய விடுங்கள். இவ்வாறு இரு முறை கழுவி வெயிலில் நன்கு உலர்த்தினால் 150 முதல் 200 கிராம் வரை மா கிடைக்கும்.

கழுவிய நீரை வீசிவிட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மரவள்ளியில் ஐதரசன் சயனைட்டு என்னும் நஞ்சைத் தரக்கூடிய ஒரு சேர்வை உள்ளது. கிழங்கைத் துருவும்போது கலங்கள் உடைந்து, அங்குள்ள நொதியம் அச்சேர்வையோடு சேர, நஞ்சு வெளிப்படுகின்றது. அது நீரில் கரையும்; எளிதில் ஆவியாகவும் செய்யும். ஆகவே கழுவுதல், உலர்த்துதல், கொதிக்க வைத்தல் ஆகிய மூன்றும் நம்மைக் காக்கின்றன. மரவள்ளியை மூடி போடாமல் அவியுங்கள் என்று நமது பாட்டிமார் சொன்னதன் பொருளும் இதுவே. எடுத்த மாவில் சிறிதளவை நீரில் கரைத்து ஒரு துளி அயடீன் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறும். மாப்பொருளுக்கான அந்தச் சோதனையை நீங்கள் ஆய்வுகூடத்தில் செய்திருப்பீர்கள்.

அடுத்து உருண்டை. நான்கு பேருக்கு 100 கிராம் மா, 40 கிராம் கித்துள் கருப்பட்டி அல்லது பனங்கட்டி, 60 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடித்து, நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதிக்கும்போதே மாவில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிக் கிளறினால் பசை போலாகும். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, மீதி மாவைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி கொதிநீரும், கையில் ஒட்டினால் சிறிது மாவும் சேர்க்கலாம்.

பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் என்ன? மரவள்ளி மாவின் மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. அழுத்தினால் கல் போலவும், கையை விட்டால் நீர் போலவும் ஓடும் ஒரு விசித்திரக் கலவையே கிடைக்கும். ஏறக்குறைய 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பநிலையில்தான் அம்மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. கோதுமை மாவைப் பிணைக்க அதிலே குளுற்றன் என்னும் புரதம் இருக்கின்றது. மரவள்ளி மாவில் அது இல்லை. ஆகவே முதலில் கொட்டிய அந்த ஒரு பங்கு மாவின் பசையே மீதியைப் பிணைக்கின்றது.

பிசைந்த மாவைப் பென்சில் அளவு திரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, பெரிய கடலையளவு உருண்டைகளாக உருட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க உலர்ந்த மாவைத் தூவுங்கள். பெரிய பாத்திரத்தில் இரண்டு லீற்றர் தண்ணீர் துள்ளிக் கொதிக்கும்போது சிறிது சிறிதாகப் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். உருண்டைகள் மிதக்கத் தொடங்கியதிலிருந்து 20 நிமிடம் அவியட்டும். பின்பு அடுப்பை அணைத்து, மூடி 15 நிமிடம் வையுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் அலசி, வடித்து வையுங்கள். குளிரூட்டியில் வைக்காதீர்கள், வெந்த மாப்பொருள் குளிரில் மீண்டும் இறுகிக் கடினமாகிவிடும். நேற்றைய சோறு கட்டியாவதும் இதனால்தான். செய்த மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் உண்பதே நல்லது.

தேநீருக்கு 500 மில்லிலீற்றர் கொதிநீரில் நான்கு தேக்கரண்டி தேயிலையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். அதிக நேரம் ஊறினால் துவர்ப்பு மிகும். சூடாக இருக்கும்போதே எட்டுத் தேக்கரண்டி சீனியைக் கரைத்து, தானாக ஆறவிடுங்கள். நன்கு ஆறியபின் தேநீர் சற்றுக் கலங்கினால் பயப்பட வேண்டாம். தேயிலையின் கஃபேயினும் பல்பீனோல்களும் குளிரில் ஒன்று சேர்வதால் அவ்வாறாகும். சூடாக்கினால் மீண்டும் தெளியும்.

பழத்துக்கு எங்கள் வீட்டிலே தேர்ந்தெடுத்தது கொடித்தோடை. மலைநாட்டிலும் சமவெளியிலும் கிடைக்கும். மணமும் புளிப்பும் தேநீருக்குப் பொருந்தும். நான்கு பழங்களின் சாற்றை விதை நீக்கி வடித்துக்கொள்ளுங்கள். சாற்றைத் தேநீரில் விடும்போது கவனியுங்கள்: கடுஞ்சிவப்பு நிறம் வெளிறிப் பொன்னிறமாகும். தேயிலையின் நிறப்பொருள்கள் அமிலத்தில் நிறம் குறைகின்றன. தேசிக்காய் பிழிந்த வெறுந்தேநீரில் இதனை நீங்கள் பலமுறை பார்த்தும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

பழச்சாறு சேர்த்த தேநீரில் பால் சேர்க்க வேண்டாம். புளிப்பு மிகுந்தால் பாலின் கேசீன் புரதம் திரிந்துவிடும். அன்னாசிக்கு வேறொரு குணமும் உண்டு. அதிலுள்ள புரோமலெயின் என்னும் நொதியம் பாற்புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். அன்னாசிச் சாற்றைச் சில நிமிடம் கொதிக்க வைத்தால் அந்நொதியம் செயலிழக்கும். பால் வேண்டுமென்றால் நன்கு கனிந்த, புளிப்பற்ற மாம்பழமே ஏற்றது.

இனி ஒவ்வொரு குவளையிலும் மூன்று மேசைக்கரண்டி உருண்டைகளை இடுங்கள். தேநீரையும் சாற்றையும் மூடியுள்ள போத்தலில் பனிக்கட்டியோடு சேர்த்து நுரை வரும்வரை குலுக்கி ஊற்றுங்கள். பெயருக்குக் காரணமான குமிழிகள் இப்போது மேலே தெரியும்.

இங்கே ஒரு கணக்கும் செய்வோம். ஒரு குவளையில் கருப்பட்டி 10 கிராம். சீனி இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 10 கிராம். பழச்சாற்றின் இனிப்பைச் சேர்க்காமலே 20 கிராம் ஆகிவிட்டது. உணவில் சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் பத்திலொரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் மேலும் நல்லது என்று உலக சுகாதார தாபனம் 2015இல் அறிவுறுத்தியது. வளர்ந்த ஒருவருக்கு இந்த இரண்டாவது அளவு ஏறக்குறைய 25 கிராம். ஆகவே இது தினமும் குடிக்கும் பானமல்ல. என் தாயாருக்கு நீரிழிவு உண்டு. அவருக்குச் சீனியோ உருண்டையோ இல்லாமல், கொடித்தோடைச் சாறு சில துளி விட்ட தேநீரை மட்டும் கொடுத்தோம். மாப்பொருளும் உடலில் குளுக்கோசாகவே மாறும் என்பதை என் மகளே தன் பாட்டிக்கு விளக்கினாள்.

சிறு குழந்தைகளுக்கு இவ்வுருண்டைகளைக் கொடுக்கவே கூடாது. உறிஞ்சும் வேகத்தில் அவை மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2012இல் இது பற்றி எச்சரித்தது. பெரியவர்களும் பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ உறிஞ்சலாகாது. வீட்டிலே உறிஞ்சுகுழாய்க்குப் பதில் நீண்ட கரண்டியால் எடுத்து உண்டால் ஆபத்தும் குறையும். பிளாத்திக்குக் குப்பையும் சேராது.

மாணவர்களே, என் தாயார் அந்தக் குவளையைக் கையில் வாங்கி, முதலில் மணந்து பார்த்தார். “இது நம்ம தேயிலைதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். “இதுக்கா அவ்வளவு விலை?” என்றார். அந்தக் கேள்வியை நான் உங்களிடமும் வைக்கின்றேன். தேயிலை விளைவதும் மரவள்ளி விளைவதும் நம் மண்ணில்தான். ஆயினும் இரண்டையும் ஒரு கோப்பையில் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் வேறொரு தீவிலே ஒரு தேநீர்க் கடையில் தோன்றியது. அதற்குப் பெரும் முதலோ இயந்திரமோ வேண்டியிருக்கவில்லை. தினமும் கண்ட பொருளைப் புதிதாக நோக்கும் பழக்கமே வேண்டியிருந்தது.

நீங்கள் மாப்பொருள், நொதியம், அமிலம் என்று மனனம் செய்கின்றீர்கள். பரீட்சைக்கு அது தேவையே. ஆனால் உங்கள் தாயாரின் அடுப்படியில் அவை நாள்தோறும் தொழிற்படுவதை ஒருமுறை நின்று பாருங்கள். பார்த்தவன் மறக்கமாட்டான். சாதாரண தரம் முடிந்ததும் உங்களிற் சிலர் உயர்தரம் கற்பீர்கள். சிலர் தொழில் தேடுவீர்கள். குடும்ப நிலைமையால் உடனே உழைக்க வேண்டியவர்களும் இருப்பீர்கள். எவராயினும், உங்கள் ஊரில் விளையும் பொருளை விலையற்றது என்று எண்ணாதீர்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கிழங்கையும் உங்கள் ஊர்ப் பழத்தையும் கொண்டு ஒரு முறை முயன்று பாருங்கள். முதற் குவளையை வீட்டில் அதிகம் உழைத்தவருக்குக் கொடுங்கள்.