கேலியும் கைதட்டலும்

காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம். அமெரிக்கர்கள் அதே பெயரில் அழைப்பதோ வேறோர் ஆட்டம். அதில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் மோதிக் கீழே தள்ளலாம். ஓர் அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள்.

இந்த ஆட்டத்தில் ‘குவார்ட்டர்பேக்’ எனப்படுபவரே அணியின் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தாமே ஏந்தி ஓடுவதா என்பதை அவர் இரண்டு மூன்று விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் மலை போன்ற உருவங்கள் அவரை நோக்கிப் பாய்ந்து வரும். அணி வென்றால் புகழ்மாலை அவர் கழுத்தில். தோற்றால் பழி அவர் தலையில்.

ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் ஏறத்தாழ 128,000 பேர் வாழ்கின்றனர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கிலோ 80,000க்கும் மேற்பட்டோர் அமரலாம்! ஆட்ட நாளில் அந்த நகரமே செந்நிறச் சட்டை அணிந்து அரங்கை நோக்கி நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஓர் இரசிகரை நம் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். நகரில் வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதைக் கடந்தவர். வாயைத் திறந்தால் நகைச்சுவைதான். இவரைப் போன்றவர்கள் அந்த நகரில் பல்லாயிரம் பேர். ஆதலால், இவருக்குப் பெயர் தேவையில்லை.

2021ஆம் ஆண்டு இவருடைய நகைச்சுவைக்குப் பெருஞ்சோதனை வந்தது. அந்த ஆண்டு ஓக்லஹோமா அணியின் குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் ரேட்லர். அவருக்கு முன் அதே இடத்தில் ஆடிய பேக்கர் மேஃபீல்ட் 2017இலும், கைலர் மரி 2018இலும் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களுக்கான மிக உயர்ந்த ‘ஹைஸ்மன்’ விருதைப் பெற்றிருந்தனர். அடுத்து அந்த விருது ரேட்லருக்குத்தான் என்று பலரும் பருவம் தொடங்கும் முன்பே பேசினர். அணியும் நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. இரசிகர் தம் பட்டறைச் சுவரில் விருதுக்கென ஓர் ஆணியையே அடித்து வைத்தார். “விருது எனக்கு வராது. ஆனால், அந்தப் படத்தை மாட்ட இடம் வேண்டாமா?” என்றார்.

பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் டுலேன் பல்கலைக்கழகத்தை எளிதாக வீழ்த்தலாம் என எண்ணியிருந்தவர்களுக்கு 40க்கு 35 என்ற முடிவே கிடைத்தது. நெப்ராஸ்காவுடன் 23க்கு 16. அணி வென்றுகொண்டுதான் இருந்தது. ஆனால், ரேட்லரின் கையில் முந்தைய ஆண்டின் துணிவு காணப்படவில்லை. எறிய வேண்டிய நேரத்தில் தயங்கினார். தயங்க வேண்டிய நேரத்தில் எறிந்தார். “வெற்றி வீட்டில் துக்கம் விசாரிக்கும் கூட்டம் உலகத்திலேயே நாங்கள்தாம்,” என்று இரசிகர் சிரித்தார். “அவர் பந்தை ஓங்கும்போது நான் கண்களை மூடிக்கொள்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொள்கிறேன்,” என்றும் சொல்வார். சுற்றியிருந்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் ரேட்லருக்கு எந்தக் காயமும் ஏற்படவில்லை.

செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, வெஸ்ட் வெர்ஜீனியா அணி நார்மனுக்கு வந்தது. ரேட்லர் எறிந்த பந்தொன்று எதிரணியினரின் கையில் சிக்கியது. அப்போது மாணவர் பகுதியிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. “எங்களுக்குக் கேலப் வேண்டும்!” கேலப் வில்லியம்ஸ் என்பவர் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருந்த முதலாமாண்டு மாணவர். சொந்த அரங்கில், சொந்த இரசிகர்கள், சொந்த ஆட்டக்காரரை வெளியேறச் சொல்லி முழங்கினர். நம் இரசிகரும் அதில் குரல் சேர்த்தார். கூட்டத்தோடு கத்துவது அவருக்கு வேடிக்கையாகவே இருந்தது. மூன்று நாளில் 21 வயதை எட்டவிருந்த ஓர் இளைஞர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த முயற்சிக்குக் களத்தில் நின்றார். அன்றும் ஓக்லஹோமாதான் 16க்கு 13 என வென்றது.

“அவர் விளம்பரங்களில் பணம் பெறுகிறார். பணம் வாங்குபவர் ஏச்சும் வாங்கட்டுமே!” என்று சிலர் வாதிட்டனர். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்த ஆண்டு ஜூலை முதல், கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு வருமானம் ஈட்டலாம் என விதி மாறியிருந்தது. ரேட்லரும் அவ்வாறு வருமானம் பெற்றார். ஆயினும், பணம் பெறுபவரின் காதுகள் அடைத்துப்போவதில்லை.

இரசிகரின் பட்டறையில் தொழில் பழகும் இளைஞர் ஒருவர் இருந்தார். வயது இருபதுதான். அடுத்த திங்கட்கிழமை, காரொன்றுக்கு இயந்திர எண்ணெய் மாற்றியபோது அடியிலிருந்த திருகாணியை அவர் சரியாக முடுக்கவில்லை. எண்ணெய் தரையில் வழிந்தது. காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் கைகளைத் தட்டியபடி, “எங்களுக்கு வேறு ஆள் வேண்டும்! எங்களுக்கு வேறு ஆள் வேண்டும்!” என்று அரங்கத்து மெட்டிலேயே முழங்கினார். எல்லாரும் சிரித்தனர். இரசிகரும் சிரித்தார். இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவக்க மீண்டும் குனிந்தார். நூறு முறை முடுக்கிய அதே திருகாணி இம்முறை அவர் விரல்களிலிருந்து நழுவி எண்ணெயில் விழுந்தது.

இரசிகர் அப்போதுதான் அந்த விரல்களைக் கவனித்தார். அவை நடுங்கின. அவர் தாமே குனிந்து திருகாணியைத் துடைத்தெடுத்தார். “இது என்னிடமும் பல முறை வழுக்கியிருக்கிறது. மெதுவாகச் செய்,” என்றார். பிறகு வாடிக்கையாளரைத் தேநீர் குடிக்க வெளியே அழைத்துச் சென்றார். யாரும் பார்க்காதபோது இளைஞர் வேலையைச் சரியாக முடித்தார்.

அந்த நடுக்கத்திற்கு உளவியலில் விளக்கம் உண்டு. சையன் பைலாக் என்ற உளவியலாளர் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் ஆய்வு நடத்தியிருக்கிறார். தங்கள் கையசைவைக் கூர்ந்து கவனித்தபடி பந்தை அடிக்கச் சொன்னபோது அவர்களின் ஆட்டம் தரம் குறைந்தது. பழகிய கை தானாகச் செய்யும் செயலில் மனம் தலையிட்டால் தடுமாற்றம் வருகிறது. பிறருடைய ஏளனம் நம்மை நாமே கண்காணிக்க வைக்கிறது. மூன்று விநாடிகளில் முடிவெடுக்க வேண்டிய ஒருவரிடம், “நீ தவறு செய்யப்போகிறாய்” என்று ஆயிரம் குரல்கள் சொன்னால் என்னவாகும்? அந்தக் குரல்களும் எதிரணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரராகிவிடும்.

அக்டோபர் 9ஆம் நாள், டல்லாஸ் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். முதல் கால் பகுதி முடிவில் ஓக்லஹோமா 7க்கு 28 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்றுநர் லிங்கன் ரைலி வில்லியம்ஸைக் களமிறக்கினார். அவர் பந்தை ஏந்தி 66 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். ஆட்டத்தின் போக்கே மாறியது. ஆட்டக்காரரை மாற்றுவது பயிற்றுநரின் கடமை. அதில் குறை காண ஒன்றுமில்லை. இறுதியில் ஓக்லஹோமா 55க்கு 48 என வென்றது.

ஆனால், அந்த ஆட்டத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு காட்சி உண்டு. நான்காம் கால் பகுதியில் சமநிலைக்குக் கூடுதலாக 2 புள்ளிகள் தேவைப்பட்டன. அந்த ஒரே முயற்சிக்காக ரேட்லர் மீண்டும் அழைக்கப்பட்டார். தம் இடத்தை இழந்த அதே நாளில், அவர் வந்தார், எறிந்தார், ஆட்டம் 41க்கு 41 எனச் சமமானது. பிறகு அமைதியாக ஓரத்திற்குத் திரும்பினார். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நம் இரசிகர் எழுந்து நின்று, அந்த 2 புள்ளிகளுக்காகத் தனியே கைதட்டினார். அறையில் மற்றவர்கள் அவரை வியப்புடன் பார்த்தனர்.

ரேட்லர் பின்னர் தென் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கும் பாதை மலர்ப்படுக்கையாக இல்லை. 2022 நவம்பரில் புளோரிடாவிடம் அவரது அணி 6க்கு 38 எனத் தோற்றது. அதற்கு அடுத்த வாரமே, நாட்டின் ஐந்தாம் தர நிலையிலிருந்த டென்னசி அணியை 63க்கு 38 என வீழ்த்தியது. ரேட்லர் அன்று 438 கெஜ தூரத்துக்கு எறிந்தார். ஆறு எறிதல்கள் எல்லையைத் தொட்டன. 2024இல் நியூ ஓர்லியன்ஸ் தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழுந்து நடப்பதும் உண்டு.

நம் இரசிகர் கேலியை விட்டுவிட்டாரா? அது அவரால் முடியாது. 2022இல் அவருடைய ஓக்லஹோமா அணி ஆறு ஆட்டங்களில் வென்று, ஏழில் தோற்றது. டென்னசி ஆட்டத்தின் முடிவைக் கேட்டதும், “நம் வயலில் வறட்சி, நாம் விரட்டிய மேகம் பக்கத்து ஊரில் பொழிகிறது,” என்றார். சுவரிலிருந்த வெற்று ஆணியில் இப்போது தம் தொப்பியை மாட்டுகிறார். “விருது வாங்கிய இரசிகரின் தொப்பி,” என்று வருவோரிடம் காட்டுகிறார். அவருடைய நகைச்சுவை இன்றும் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால், அதன் முனை இப்போது அவரை நோக்கியே திரும்பியிருக்கிறது.