விடாத பிரேக்

மழைக்காலம் முடிந்த வாரத்தில் எமது மதரஸாவின் இருசக்கர வாகனத்தைத் தள்ளுவதே பெரும்பாடாகியது. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் பின்சக்கர பிரேக் விடவில்லை; சிறிது தொலைவு ஓடினாலே டிரம் சுட்டது.

பிடிக்காத பிரேக்கைக் கண்டு அஞ்சும் நாம், விடாத பிரேக்கைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உரசி உரசிச் சூடேறிய பிரேக், தேவையான நேரத்தில் பிடிப்பை இழக்கக்கூடும். ஈரச் சாலையில் சக்கரம் திடீரென இறுகினால் வண்டி வழுக்கிவிடும்.

மெக்கானிக்குடன் அமர்ந்து சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் ஷூக்களை விரிக்கும் கேம் துருவேறி, திரும்பாமல் நின்றிருந்தது. அவற்றை மீண்டும் உள்ளிழுக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். கேமை உப்புத்தாளால் தேய்த்து, அதன் தண்டில் மட்டும் சிறிதளவு கிரீஸ் தடவினோம். லைனிங்கில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது. புதிய ஸ்பிரிங் பூட்டி, சக்கரம் தடையின்றிச் சுழலுமாறு நட்டைச் சரிசெய்தோம்.

பெற்றோர் நம்மை நம்பிப் பின்னிருக்கையில் ஏற்றிவிடும் பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். எனவே சகோதரர்களே, வாரம் ஒருமுறை எஞ்சினை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.