பட்டா இல்லாத எண்

2020 ஊரடங்கில் அலுவலகக் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டி வந்தது. அங்கே இருக்கும் கோப்புகளை இங்கிருந்து எடுக்க விபிஎன் போட்டுக் கொடுத்தார்கள். இணைந்துவிட்டது என்றது திரை. ஆனால் கோப்புகள் இருக்கும் 192.168.1.10-ஐத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு, அலுவலகத்துக்கு நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"சார், உங்க வீட்டு டிவிக்கு என்ன ஐபி?"

பார்த்தேன். 192.168.1.10.

"அதான் சார். கம்ப்யூட்டர் ஆபீசுக்கு வராம உங்க டிவியைப் போய்த் தட்டிக்கிட்டு இருக்கு. ரவுட்டருக்குள்ள போய் மூணாவது நம்பரை மாத்திருங்க. முப்பத்தேழு, நாப்பத்திரண்டு, எதுவா வேணாலும் இருக்கட்டும். ஜீரோ, ஒண்ணு மட்டும் வேணாம். ஊரே அதுலதான் இருக்கு."

முப்பத்தேழு போட்டேன். கோப்புகள் வந்துவிட்டன. வேலை முடிந்தது என்று விட்டிருக்கலாம். 'ஊரே அதுலதான் இருக்கு' என்பது மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தூசி படிந்த ஒரு ஸ்டிக்கர்: 192.168.1.1. பயனர் பெயர் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். இந்த எண்ணை யார், யாருக்கு, எப்போது கொடுத்தார்கள்?

இணைய முகவரி என்பது நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். பெருக்கினால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். தொடக்க காலத்தில் இதை ஜமீன் நிலம்போல அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். 17-ல் தொடங்கும் எண்கள் அத்தனையும் ஆப்பிளுக்கு, 18-ல் தொடங்குபவை எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு. ஆளுக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். உலகம் முழுக்க வந்து வரிசையில் நிற்கும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

1990-களின் தொடக்கத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும் என்ற பயம் வந்தது. இணையத்தின் விதிகளெல்லாம் ஆர்எஃப்சி என்ற பெயரில் வரிசை எண் போட்ட ஆவணங்களாக இருக்கின்றன, யாரும் படிக்கலாம். அந்தக் காலத்து ஆவணங்கள் தட்டச்சுப் பொறியில் அடித்தது போன்ற வெறும் எழுத்துகள்தான். என் ஸ்டிக்கரின் மூலம் ஆர்எஃப்சி 1597-ல் இருந்தது. 1994 மார்ச். எழுதியவர்கள் நான்கு பேர்: ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டர், கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் மாஸ்கோவிட்ஸ், ஐரோப்பாவில் முகவரி விநியோகத்தைக் கவனித்த ரைப் என்சிசியிலிருந்து காரென்பெர்க், டி க்ரூட். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: வெளியுலகத்தோடு பேசவே தேவையில்லாத கருவிக்கு எதற்கு உலகத்தில் ஒன்றே ஒன்றான முகவரி?

அதற்குக் கொடுத்த உதாரணங்களைப் படித்தபோது சிரிப்பு வந்தது. விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு காட்டும் திரைகள். வங்கிகளின் பணம் தரும் இயந்திரங்கள், கடைகளின் கல்லாப் பெட்டிகள். வீடு அந்தப் பட்டியலில் இல்லை. கூடத்தில் டிவி, வாசலில் கேமரா, ஆளுக்கொரு போன் என்ற நிலைமை எழுதியவர்களின் மனதில் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்காக மூன்று தொகுதிகளை ஒதுக்கினார்கள். யாருக்கும் பட்டா கிடையாது. எவர் வேண்டுமானாலும் தன் காம்பவுண்டுக்குள் புழங்கலாம், வெளியே எடுத்துவரக் கூடாது. முதல் தொகுதி 10-ல் தொடங்குவது. அது அர்பாநெட்டின் பழைய எண். இணையத்துக்கு முன்னோடியான அந்த வலைப்பின்னலை 1990-ல் மூடியபின் காலியாகக் கிடந்த வீடு. இரண்டாவது 172.16 முதல் 172.31 வரை. மூன்றாவது நம்முடையது. சிறிய நிறுவனங்களுக்கான முகவரி வகை அந்நாளில் 192-ல்தான் தொடங்கியது. அதனால் முதல் எண் புரிகிறது. 168? அடுத்தடுத்து வரும் சிறு தொகுப்புகள் என்பதோடு ஆவணம் நின்றுகொள்கிறது, காரணம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை கோடி வீடுகளில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு ஒரு தலபுராணமாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஏமாற்றம்தான்.

அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டியது வேறொன்று. நான்கே மாதத்தில், 1994 ஜூலையில், எதிர்ப்பு எழுதினார்கள். ஆர்எஃப்சி 1627: பத்தாம் எண் தீங்கானது என்று தலைப்பிலேயே அடிக்கிறார்கள். எலியட் லியர் உள்ளிட்ட நால்வர். சிலிக்கான் கிராஃபிக்ஸ், ஆப்பிள், சன் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் புழங்கவிட்டால் நாளைக்கு அந்த இரண்டு இடங்களும் இணையும்போது மோதுமே என்பது அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. படித்ததும் என் டிவி நினைவுக்கு வந்தது. இருபத்தாறு வருடம் முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்! 1996 பிப்ரவரியில் திருத்திய பதிப்பு, ஆர்எஃப்சி 1918, வந்தது. இன்றுவரை செல்லுபடியாகும் ஆவணம் அதுதான். அதன் ஆசிரியர்களில் ஐந்தாவது பெயர் எலியட் லியர். சண்டை போட்டவரையே கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பட்டா இல்லாத எண் வெளியே போக முடியாதென்றால், வீட்டிலிருந்து நான் எப்படி இணையத்தைப் பார்க்கிறேன்? அதற்கான தந்திரத்தை எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் எழுதினார்கள். முகவரி மாற்றல், சுருக்கமாக நாட் என்பார்கள். இன்று வீட்டு ரவுட்டர் அதைச் செய்யும் விதம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் நோட்டு மாதிரி. என் கணினி ஒரு தளத்தைக் கேட்கிறது. ரவுட்டர் அதை வாங்கி, அனுப்புநர் இடத்தில் என் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணைப் போடுகிறது; இன்ன கேள்வி இன்ன கணினியுடையது என்று நோட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. நோட்டில் இல்லாத ஆள் வெளியிலிருந்து வந்தால் யாரிடம் அனுப்புவது என்று தெரியாது; திருப்பி விட்டுவிடும்.

அந்தக் கடைசி வரியைத்தான் நாம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களோ இதை முகவரிப் பஞ்சத்துக்குத் திறந்த கஞ்சித் தொட்டியாகத்தான் பார்த்தார்கள். தற்காலிகத் தீர்வாக இருக்கலாம், நெடுநாளைக்கு ஆகாது என்று முடிவுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆர்எஃப்சி 1918-ல் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழே இருப்பது ஒரே வாக்கியம்: அதைப் பற்றி இந்தக் குறிப்பில் பேசவில்லை. நான் மதில் என்று நம்பிக் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தின் மேல்.

அன்று ராத்திரியே ரவுட்டருக்குள் போனேன். அட்மின், அட்மின். யுபிஎன்பி என்றொரு பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வாசல் கேமரா தானாகவே ரவுட்டரிடம் கேட்டு, வெளியிலிருந்து தன்னிடம் நேராக வர ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. நான் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. யுபிஎன்பி-யின் ஏற்பாடே அப்படித்தான்: உள்ளே இருப்பவர் கேட்டால் திறக்கலாம், உள்ளே இருப்பவர் எல்லாரும் நம்மவர்.

இப்படித் திறந்து கிடக்கும் கதவுகளில் விளையாடியவர்கள் உண்டு. 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் கிளம்பியது. பெரிய மூளை வேலை எதுவும் இல்லை. சுமார் அறுபது ஜோடிப் பயனர் பெயர், பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு, இணையத்தில் அகப்பட்ட கேமரா, ரவுட்டர் ஒவ்வொன்றின் கதவையும் தட்டியது. அட்மின் – அட்மின் அந்தப் பட்டியலில் உண்டு. இலட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. நிரலை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை ஒருவருக்கொருவர் கவிழ்க்கும் போட்டியில் தொடங்கிய வேலை. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில்.

பாஸ்வேர்டை மாற்றினேன். யுபிஎன்பி-யை அணைத்தேன். பட்டனை அழுத்தினால் வைஃபை சேரும் டபிள்யுபிஎஸ் வசதியையும் அணைத்தேன். அதன் எட்டு இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முறை முயன்றாலே பிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். கேமராவுக்கும் டிவிக்கும் விருந்தினர் வைஃபையை ஒதுக்கினேன். திண்ணையோடு சரி, அடுக்களைக்குள் வர வேண்டாம்.

இன்னொன்று பாக்கி இருந்தது. பஞ்சம் தீர்ந்துகொண்டு வருகிறது. ஐபிவி6 என்ற புது முகவரியில் எண்களுக்குக் குறைவே இல்லை. என் போனுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றான எண் வந்திருப்பதை அதன் அமைப்புகளில் பார்த்தேன். பட்டா நிலம். ஆகவே அந்தப் பாதையில் நாட்டும் வேண்டாம், வாட்ச்மேன் நோட்டும் வேண்டாம். ஃபயர்வால் என்று தனியாக ஒன்று தடுத்தால்தான் உண்டு. ரவுட்டரில் அதற்கான கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். டிக் இல்லை. போட்டேன்.

போன மாதம் கும்பகோணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் புதிதாக நான்கு கேமரா மாட்டியிருந்தார். கொல்லைப்புறம் வரை போனில் காட்டிப் பெருமைப்பட்டார். காபி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று என் போனில் 192.168.1.1 அடித்தேன். கட்டம் வந்தது. அட்மின். அட்மின். திறந்துகொண்டது.

"அத்தான், இதுக்குப் பாஸ்வேர்டு மாத்தலையா?"

"எதுக்கு மாப்ள? நெட்டு நல்லாத்தானே வருது."